உறவு என்ற கட்டம்

டிசம்பர் பத்தொன்பது.
செக்கிங் டேபிளில் நிற்கையில் குறுஞ்செய்தி:
நீங்கள் கோரிய கழிவைச் சரிபார்க்கவும்.
ரீபண்ட் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

கையில் ஒரு குழந்தைச் சட்டை,
தோள்பட்டையில் அரை சென்டிமீட்டர் கூடுதல்.
அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஆல்ட்ரேஷனுக்குத் தள்ளினேன்.
பதினேழு வருடமாய் எனக்குச் சம்பளம் இதற்குத்தான்:
அடுத்தவர் தையலில் பிசகு காண்பதற்கு.

சாயங்காலம் கொங்கு மெயின் ரோட்டில் மாடி ஏறினேன்.
ஆடிட்டர் ஊரில் இல்லை.
ஜூலையில் எனக்கு ரிட்டர்ன் போட்ட தெய்வசிகாமணிதான்
டீ டம்ளரை ஓரம் வைத்து
திரையை என் பக்கம் திருப்பினான்.

"ஏனுங்க்கா, கம்பெனில புடிச்ச எட்டாயிரம்
பாரம் பதினாறுலயே கழிஞ்சிருக்குது.
நீங்க ரசீதையுங் குடுத்தீங்க,
நான் மறுக்காவும் அடிச்சுப்போட்டேன்."

ஒரே எட்டாயிரம்.
ஒருமுறை என் கைக்கு வராமலே போனது,
ஒருமுறை ரசீதாய் வந்து வரிசையில் நின்றது.
ஒரு பீஸை இரண்டு பெட்டியில் எண்ணிய பேக்கிங்காரரை
நான் என்னென்ன பேசியிருக்கிறேன்.

லேபில் ரொக்கமாய்க் கொடுத்த
முழு உடல் பரிசோதனை, இரண்டாயிரத்து முந்நூறு:
அது செல்லுமாம். ஆச்சரியம்.

அடுத்த வரியில் அவன் விரல் நின்றது.
பெற்றோர், மூத்த குடிமக்கள்:
முப்பத்து இரண்டாயிரத்து ஐந்நூறு.
"இது யாருக்குங்க்கா?"
"நஞ்சம்மாளுக்கு."
"உங்க அம்மாங்களா?"
"வீட்டுக்காரரோட அம்மா."
கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

நான், என் கணவர், என் பிள்ளைகள், என்னைப் பெற்றவர்கள்.
அதோடு கதவு சாத்திக்கொள்கிறது.
சென்னியப்பன் இருந்தவரை அவர் கணக்கில் கழிந்தது.
அவர் போனபின் பாலிசியை என் பேருக்கு மாற்றினேன்.
கழிவும் கூடவே நடந்து வரும் என்று நினைத்தேன்,
நஞ்சம்மாள் வந்தது போல,
ஒரு டிரங்குப் பெட்டியும் இன்சுலின் டப்பாவுமாக.

இன்சூரன்ஸ் தாளில் உறவு என்ற கட்டத்தில்
மாமியார் என்று அச்சிட்டிருக்கிறது.
கம்பெனிக்காரனுக்குத் தெரிந்த சொல்
சர்க்காருக்குத் தெரியவில்லை.

"யாருங்க்கா பாக்கப்போறாங்க,
அப்படியே உட்டுறலாமுங்களா?"
கேட்டவன் தானே நகத்தைக் கடித்தான்.
மின்விசிறி சுற்றியது. கீழே பனியன் மூட்டை ஏற்றிய
வண்டி ஒன்று பின்னாலேயே வந்தது, கத்திக்கொண்டு.

அம்மா என்று அடித்துவிட்டால் அம்மாதான்.
எந்திரத்துக்கு என்ன தெரியும்.
ஆனால் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே
ஒருத்தி இருந்தாள், காங்கேயத்தில்,
நான் ஏழாவது படிக்கும்போது செத்துப்போனவள்.
அவள் இடத்தில் இவரை உட்கார வைப்பது
இரண்டு பேருக்குமே மரியாதையில்லை.

"எடுத்துருங்க தம்பி."

எட்டாயிரத்து நானூற்று இருபத்து நாலு ரூபாய்
ரீபண்டில் இறங்கியது.
ஓடிபி வந்தது, சொன்னேன்.
திருத்திய ரிட்டர்ன் ஏற்கப்பட்டது என்றது திரை, பச்சையில்.
கூலிக்கு இருநூறு நீட்டினேன். வாங்கவில்லை.
"பாதி என்ற தப்புங்க்கா."

வீட்டில் நஞ்சம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்தார்.
"காசு போச்சா?"
"போச்சுங்கத்தே."
"என்னாலயா?"
"கட்டத்தாலங்க."
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப அடுத்த வருசம் என்னைய ஆருன்னு எழுதுவெ?"

எழுத வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்து
ஊசியில் மருந்தை ஏற்றினேன்.
பன்னிரண்டு யூனிட். கோடு பார்த்து, காற்றுக்குமிழி தட்டி.
இதில் அரை கூடினாலும் விடமாட்டேன்.

மார்ச் பதினொன்று, பிரீமியம் தேதி.
யார், எவர் என்று கேட்காமல்
வங்கி எடுத்துக்கொண்டது.
ரசீதை வரி பைலில் செருகப் போய்
கை நின்றது.
ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன்.
அதில் குடும்பத் தலைவி நஞ்சம்மாள்.
எனக்கு இரண்டாவது வரி.